கண்டக்டர் பதில்கள்: தோல்பையும் துணி முடிச்சும்

போன இதழில், பஸ்ஸில் டிபன் கேரியர் கொடுத்தனுப்பும் பழக்கத்தைப் பற்றி நாலு வரி எழுதப்போய் மாட்டிக்கொண்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே பேச்சுதான். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். ஒருவருக்குப் போட்டு ஒருவருக்கு விட்டால் நன்றாயிருக்காது, அதனால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் நீலகிரியில் கோத்தகிரி, கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கமெல்லாம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக 35 வருஷத்துக்கு மேல் ஓடியவன். ஓய்வு பெற்றாயிற்று. இன்னும் தூக்கத்தில் 'ரைட், ரைட்' சொல்வதாக வீட்டில் புகார்.

கே: என் பாட்டி (நாங்கள் ஹெத்தே என்போம்) கோத்தகிரி ஹாஸ்டலில் படித்த எனக்கு பஸ்ஸில் பணமும் அவரைக்காயும் கொடுத்தனுப்புவார். கண்டக்டர் யாரென்றுகூட அவருக்குத் தெரியாது. இன்று கோவையில் என் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியவில்லை. அந்த நம்பிக்கை எப்படி ஐயா வந்தது? எங்கே போனது?
வாசகி, கோயம்புத்தூர்

ப: முதலில் ஒரு திருத்தம் அம்மா. கண்டக்டர் யாரென்று உங்களுக்குத்தான் தெரியாது. உங்கள் ஹெத்தேவுக்கு அவன் ஜாதகமே தெரிந்திருக்கும்.

ஒரு ரூட்டுக்குப் புது கண்டக்டர் வந்தால் முதல் ஒரு வாரம் யாரும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியுமாக முன் சீட்டில் உட்காரும், இந்த மலைக்காரர்களான படுகர் வீட்டுப் பெரியம்மாக்கள், டிக்கெட் வாங்கும் சாக்கில் ஒவ்வொரு கேள்வியாகப் போடுவார்கள். எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்? கல்யாணம் ஆயிற்றா? பெண் எங்கே எடுத்தது? குடிப்பானா? (இதை மட்டும் என்னிடம் கேட்கவில்லை, டிரைவரிடம் கேட்டார்கள்.) இரண்டாவது வாரம் பரீட்சை தொடங்கும். ஒரு கட்டுக் கீரை வரும். அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் வாடாமல் சேர்ந்ததா என்று விசாரிப்பார்கள். அப்புறம் அவரைக்காய். அப்புறம் மருந்துச் சீட்டு. கோத்தகிரியில் மாத்திரை வாங்கி, சாயந்திர டிரிப்பில் கொண்டுவர வேண்டும். பணம் கடைசியில்தான். என் கைக்கு முதல் பணம் வர எட்டு மாதம் ஆயிற்று. எண்பது ரூபாய்.

அது வந்த விதத்தைச் சொல்கிறேன். பழைய வேட்டியில் கிழித்த ஒரு துண்டுத் துணி. பேரன் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று. நோட்டுகளைத் துணியில் வைத்து முடியும் முன், அந்தப் பெரியம்மா ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் வைத்து எண்ணினார். பத்து ரூபாய் நோட்டு எட்டு. கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி எண்ணினார். நாலாவது நோட்டிலேயே பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சத்தமாக எண்ணினால் என்ன அர்த்தம், என்மேல் சந்தேகமா? ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, அவர் எண்ணியது என் காதுக்காக இல்லை. நாற்பது சாட்சி வைத்தார், ஸ்டாம்பு பேப்பர் செலவில்லாமல். எண்ணி முடித்து, சீட்டையும் நோட்டையும் சேர்த்து மடித்து, ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கினார். அந்த முடிச்சை ஹாஸ்டலில் அவிழ்க்க அந்தப் பையன் பட்ட பாடு தனிக் கதை.

கொடுத்தனுப்பும் பணத்தை நாங்கள் தோல்பைக்குள் போடவே மாட்டோம். நடுவழியில் செக்கிங் ஏறினால், பையில் இருக்கும் பணமும் இன்வாய்ஸில் எழுதிய டிக்கெட் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் குற்றம், கூடினாலும் குற்றம். கைச்செலவுக்கு வைத்திருக்கும் சொந்தக் காசையே டூட்டி ஏறும்போது எழுதிக் காட்டிவிட வேண்டும். அதனால் என் மனைவி பனியனின் உள்பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். ஊராருடைய ஹாஸ்டல் ஃபீஸ், மருந்துக் காசு, சீட்டுப் பணம் எல்லாம் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டுதான் மலை இறங்கும். விதிப்படி பார்த்தால் தப்புத்தான். மறுக்கவில்லை.

எங்கே போனது என்று கேட்டீர்கள். எங்கள் ரூட்டில் ஒரே பஸ். காலையில் இறங்கும், சாயந்திரம் ஏறும். அந்த எண்பது ரூபாயை நான் அமுக்கிக்கொண்டால் மறுநாள் காலை அதே ஹட்டியில் (படுகர் ஊரை ஹட்டி என்பார்கள்), அதே பெரியம்மா முன்னால் போய் நின்று விசில் ஊத வேண்டும். ஓடி ஒளிய இன்னொரு ரோடு கிடையாது. இப்போது மேக்ஸிகேப் இருக்கிறது, வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறது, பணம் போனில் போகிறது. உங்கள் எதிர் வீட்டுக்காரர் தங்கமானவராகவே இருக்கலாம். ஆனால் அவரால் ஆக வேண்டிய காரியம் உங்களுக்கு ஒன்றுமில்லை, உங்களால் அவருக்கும் இல்லை. நாளைக்குக் காலையில் போய் ஒரு கரண்டி உறைமோர் கேட்டுப் பாருங்கள். தயிர் உறைந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

கே: டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த சில்லறை பாக்கியைக் கண்டக்டர்கள் வேண்டுமென்றே மறந்துபோவார்களாமே?
வாசகர், குன்னூர்

ப: ஹட்டிக்காரர்களிடம் அந்த வேலை நடக்காது. ஒரு வாரம் கழித்தும், துவைத்துக் காய்ந்து கசங்கிய டிக்கெட்டை நீட்டி, 'அன்னைக்கு எழுதினீங்களே, ஒண்ணே கால்' என்பார்கள். மறந்துபோய் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சீசனுக்கு வந்தவர்கள். அப்படி மிஞ்சிய காசையும் டிப்போவில் கட்ட வேண்டும் என்பது விதி. எப்போதும் கட்டினேனா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள்.

கே: நைட் ஹால்ட் பஸ் என்று சொல்கிறார்களே, அதில் கலெக்‌ஷன் பணத்தோடு ராத்திரி எங்கே தூங்குவீர்கள்? பயமாக இருக்காதா?
வாசகர், சிறுமுகை

ப: பயம் குளிருக்குத்தான்.

கடைசி டிரிப் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் ஹட்டியில் முடியும். காலை ஐந்தே முக்காலுக்கு அங்கிருந்தே முதல் டிரிப். நடுவில் டிப்போவுக்குப் போய் வந்தால் டீசல்தான் வீண். அதனால் பஸ், டிரைவர், கண்டக்டர், அன்றைய கலெக்‌ஷன் நான்கும் அங்கேயே தங்கிவிடும். நான் ஹால்ட் போன ஹட்டியில் சமுதாயக் கூடத்தை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உடைத்துவிட்டார்கள். யாரும் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. தோல்பையைச் சட்டைக்குள் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்வேன். சில்லறை கழுத்தில் குத்தும். சாப்பாடு முறை வைத்து வீட்டுக்கு வீடு வரும். ராகிக் களியும் அவரைக் குழம்பும். களியை அவர்கள் ஹிட்டு என்பார்கள். நடுவில் குழித்து நெய் விட்டுக் கொடுப்பார்கள். என் டிரைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முதல் மாதம் அதைப் பார்த்து அழுதார். மூன்றாவது மாதம், 'இன்னைக்கு யார் வீட்டு முறை?' என்று வழியிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வேலையை மட்டும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பஸ்ஸை எப்போதும் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்துவோம், சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்து. மார்கழியில் விடியற்காலை பேட்டரி செத்துக் கிடக்கும், செல்ஃப் எடுக்காது. கல்லை உருவிவிட்டு, சரிவில் உருட்டி, வேகம் பிடித்ததும் கியரைப் போட்டு க்ளட்சை விட்டால் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு எடுக்கும். சில நாள் உருளவே உருளாது. அப்போது எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். புத்தகப் பையோடு பிள்ளைகள், காரட் மூட்டைக்காரர், தேயிலை ஏஜென்ட், கைக்குழந்தையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்த தாய், எல்லோரும். ஒருமுறை, நிலத்தகராறில் வாய்தாவுக்குப் போக வந்த இரண்டு கட்சியும் பஸ்ஸுக்குப் பின்னால் தோளோடு தோள் நின்று தள்ளியதைப் பார்த்தேன். பஸ் எடுத்ததும் ஒருவர் முன் வழியாக ஏறினார், இன்னொருவர் பின் வழியாக ஏறினார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பஸ் நின்றுபோனால் இரண்டு பேருக்குமே வாய்தா போய்விடும் அல்லவா.

2009 நவம்பரில் பெய்த மழை எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 10ஆம் தேதி மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த வாரம் நானும் டிரைவரும் ஹால்ட்டில் இருந்தோம். கீழே ரோட்டில் மூன்று இடத்தில் மண். நாலு நாள் பஸ் அசையவில்லை. எங்களுக்குச் சோறு வந்துகொண்டேயிருந்தது. மூன்றாம் நாள் அந்த ஹட்டியில் வயதான ஒருவர் தவறிவிட்டார். மழையால் வந்த சாவு இல்லை, வயசுதான். காரியத்துக்கு ஐந்நூறு ரூபாய் போதவில்லை என்று அவருடைய மகன் என்னிடம் வந்தார். பையில் பணம் இருப்பது ஊருக்கே தெரியும். நான் இல்லை என்றேன். பனியன் பையில் இருந்த என் சொந்தக் காசு அறுபது ரூபாயைக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரியும் எனக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. பேச்சு வரப் பத்து நாள் ஆயிற்று.

கே: முன்பெல்லாம் எங்கள் ஹட்டியில் கதவைப் பூட்டியதே இல்லை. இப்போது பட்டப்பகலில்கூடத் தாழ் போடுகிறோம். திருட்டு அவ்வளவு பெருகிவிட்டதா?
வாசகி, நெடுகுளா

ப: உங்கள் பக்கம் எப்படியோ, கோத்தகிரியில் நாங்கள் பூட்டுவது கரடிக்கு. எண்ணெய் வாசனை பட்டால் போதும், கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. ரேஷன் கடை, கோயில், டீக்கடை எதையும் விடுவதில்லை.

அந்தக் காலத்தில் பூட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசை. முன்னால் பொது வாசல். அங்கே எந்நேரமும் ஒரு கிழவர் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். அவரைத் தாண்டி ராகி மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தத் திருடன் போவான்? இப்போது தனித்தனியாகக் கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, கிழவரை உள்ளே டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டோம்.

கே: மாதக் கணக்கில் நோட்டுப் போட்டுக் கடன் கொடுத்த மளிகைக் கடைகள் ஏன் காணாமல் போயின? மனிதர்கள் மாறிவிட்டார்களா?
வாசகர், கட்டபெட்டு

ப: இலை விலை மாறியது. 1990களின் கடைசிவரை பச்சைத் தேயிலைக்கு நல்ல காசு. ரஷ்யாக்காரர்கள் வாங்குவது குறைந்து, இன்னும் என்னென்னவோ சேர்ந்து, 2000 வாக்கில் விலை படுத்துவிட்டது. ஃபேக்டரியிலிருந்து மாதாமாதம் வரும் இலைப் பணத்தை நம்பித்தான் கடை நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறினார்கள். ஒரே ஒரு பெட்டியோடு ஏறிய எத்தனை பேருக்கு நானே டிக்கெட் கிழித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார், எழுதிக்கொண்டே இருந்தார், ஒருநாள் ஷட்டரை இறக்கிவிட்டார். அவர் யாரையும் நம்பாமல் மூடவில்லை. எல்லோரையும் நம்பியதால்தான் மூடினார். அந்த நோட்டுகளை என்ன செய்தார் என்று கேட்டேன். வெந்நீர் அடுப்பில் போட்டேன், நன்றாக எரிந்தது என்றார்.

கே: நீங்களும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நாங்களும்தான். அந்தக் காலத்து ஊர், ஒற்றுமை, நம்பிக்கை என்று எல்லோரும் உருகுகிறார்களே, அதில் நமக்குப் பங்கு இருந்ததா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
வாசகர், கூடலூர்

ப: வந்தவுடன் இல்லை.

1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்த 5,25,000இல் ஐந்து பேர் நாங்கள். வந்தது 1974இல். எனக்குப் பதினோரு வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். குஞ்சப்பனை தாண்டித் தேயிலை தெரிய ஆரம்பித்ததும் அப்பா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, 'அதே மலைதான்டா' என்றார். மலை அதேதான். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அரிசி அளக்கிற கடை அந்த இலங்கை மலையிலேயே விட்டுப்போயிற்று.

எங்களைப் போன்றவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்தது, லைன் வீடு (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) கிடைத்தது. கூலி மாதக் கடைசியில்தான். முதல் மாதம் எதைச் சாப்பிடுவது? அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஜாரில் ஒரு கடைக்குப் போனார். இரண்டு படி அரிசி கேட்டார். கடைக்காரர் அளந்து எங்கள் பைக்குள் கொட்டிய பிறகு, 'நோட்டில் எழுதிக்குங்க ஐயா' என்றார் அம்மா. அவர் முகத்தைத் தூக்காமல், 'சிலோன்காரங்களுக்கு நோட்டு கிடையாதும்மா. இன்னைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு எந்தத் தோட்டமோ' என்றார். பையை வாங்கித் திரும்பவும் மூட்டைக்குள் கவிழ்த்தார். அரிசி அரிசிமேல் விழும் சத்தம் பெரிய சத்தமில்லை. எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை என்பதுதான் சங்கடம். ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போன குடும்பங்களை நானே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்து ஹட்டியில் ஒரு படுகர் பெரியவரின் தோட்டத்துக்குப் பறிக்கப் போவார். ஒரு ஏக்கர்கூட இருக்காது. அம்மா அதைக் கொழுந்து என்பார், அவர் இலை என்பார். கடைசிவரை இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளவில்லை. மூன்றாவது ஞாயிறு, கூலியை வாங்கிய கையோடு அம்மா அரிசிக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கடைக்கு முன்னால் நின்று, 'எழுதிக்கோ. என் பேரைப் போட்டு எழுதிக்கோ' என்றார். வேறொன்றும் பேசவில்லை. கடைக்காரர் புது நோட்டு எடுத்தார். முதல் பக்கத்தில் அந்தப் பெரியவரின் பெயரை எழுதி, அதன் கீழே சின்னதாக 'சிலோன் அம்மா' என்று எழுதினார். எட்டு வருஷம் அந்தக் கடையில் எங்கள் குடும்பத்துக்கு அதுதான் பெயர்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. இரண்டு மாதம் அவர் கூலி வரவில்லை. நோட்டில் 38 ரூபாய் நின்றது. திடீரென்று ஒருநாள் அந்தக் கணக்கில் கோடு போட்டிருந்தது. பெரியவர் கட்டியிருக்கிறார். அவர் வாய் திறக்கவில்லை, கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். அம்மா இனிமேல் ஞாயிறு வேலைக்குக் கூலி வேண்டாம் என்று நின்றார். அவர் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். தேயிலைச் செடிக்கு நடுவில் அரைமணி நேரம் சண்டை. கடைசியில் அரைக்கூலி என்று முடிந்தது. ஆக, ஊர் எங்களை நம்பவில்லை. ஓர் ஆள் நம்பினார். ஊர் அந்த ஆளை நம்பியது.

இன்னும் பின்னால் போய், இந்த மலையில் படுகர் தானியம் கொடுக்க, தோடர் நெய் கொடுக்க, கோத்தர் இரும்புச் சாமானும் பானையும் செய்து சாவுக்கு வாத்தியமும் வாசிக்க, குறும்பர் தேன் கொண்டுவர என்று காசே இல்லாமல் வாழ்ந்ததைச் சொல்வார்கள். உண்மைதான். கோத்தகிரியின் பெயரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். ஆனால் இதே மலையில், 19ஆம் நூற்றாண்டில், சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர்களைக் குடும்பத்தோடு கொன்றதும் பதிவாகியிருக்கிறது. தேன் வாங்கிய கைதான் அதுவும். உருகுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே புரட்டட்டும்.

கே: உங்களை நம்பிக் கொடுத்ததை எப்போதாவது தொலைத்தது உண்டா?
வாசகர், அரவேனு

ப: உண்டு. 1994. நானூற்று ஐம்பது ரூபாய்.

கணவர் இல்லாத ஓர் அக்கா. மகன் கீழே கோவையில் பாலிடெக்னிக். ஃபீஸ் பணத்தைக் கோத்தகிரியில் அவருடைய தம்பியிடம் சேர்க்க வேண்டும், அவர் மறுநாள் கோவை போகிறார். வழக்கம்போல எண்ணி, முடிந்து, கொடுத்தார். வழக்கம்போல நான் பனியன் பையில் போட்டேன். கோத்தகிரியில் இறங்கிக் கையை விட்டால் விரல் வெளியே வருகிறது. பையின் அடித் தையல் விட்டிருந்தது. பஸ்ஸுக்கு அடியில் படுத்துத் தேடினேன். டிரைவர் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பார்த்தார். வழியில் நான் கீழே இறங்கியது இரண்டு இடத்தில்தான், அந்த இரண்டு இடத்துக்கும் லாரியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கு ராத்திரி என் மனைவி, தான் தைத்த தையலைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

அந்தத் தம்பியிடம் உடனே சொல்லி, அவரே அப்போதைக்கு ஃபீஸைக் கட்டினார். நான் மறுநாள் காலை ஹட்டியில் பஸ் நின்றதும், எல்லோர் முன்னாலும்தான், அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சரி' என்றார். பரவாயில்லை, வேண்டாம் என்றெல்லாம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத்தான் இன்னும் கேவலம். மூன்று மாதச் சம்பளத்தில் நூற்றைம்பது நூற்றைம்பதாகக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்குள் வைத்து, சத்தமாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறமும் நான் ஹால்ட் போகும் நாளில் அவர் வீட்டிலிருந்து டீ வரும். பால் விட்டு, சர்க்கரை தூக்கலாக. அவரே கொண்டுவந்து டம்ளரைக் கையில் கொடுப்பார், என் பிள்ளைகளை விசாரிப்பார். பணத்தை மட்டும் மாற்று டூட்டியில் வரும் கண்டக்டரிடம்தான் கொடுத்தனுப்பினார். அந்தப் பையன் படிப்பு முடியும்வரை அப்படித்தான். நான் எடுத்தேன் என்று அவர் நினைத்தாரா, கவனமில்லாதவன் என்று நினைத்தாரா, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கே: கடைசியாக ஒன்று. இப்போது நீங்கள் வெளியூர் போனால் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்?
வாசகர், மேட்டுப்பாளையம்

ப: எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டுப் பெண்ணிடம். ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். நம் தோட்டங்களில் இப்போது அந்தப் பக்கத்து ஆட்கள்தானே அதிகமாகத் தெரிகிறார்கள். அவளும் புருஷனும் பறிக்கப் போகிறார்கள். என் மனைவிக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் அரைகுறை. எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ, சாயந்திரம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குத்தான் முடிகிறது. நாங்கள் இல்லாத நாளில் எத்தனை பால் பாக்கெட் வந்தது என்று எங்கள் காலண்டரில் கோடு போட்டு வைப்பாள்.

போன வருஷம் அவள் மாதக் கணக்குக் கேட்டபோது கடையில் மாட்டேன் என்றார்கள். பழைய கடை இல்லை, அது செல்போன் கடையாகி எத்தனையோ வருஷம். இது வேறு கடை, வேறு ஆள், சின்னப் பையன். 'வடக்கத்திக்காரங்களுக்குக் கணக்கு வைக்கிறதில்லீங்க. இன்னைக்கு இங்க இருப்பாங்க, நாளைக்கு எங்கேயோ' என்றான். எனக்கு அந்த அரிசிச் சத்தம் கேட்டது. என் பேரைப் போட்டு எழுதிக்கோ தம்பி என்றேன். நோட்டெல்லாம் இல்லை, கம்ப்யூட்டரில் ஏற்றினான்.

ஊரில் கல்யாணம் என்று போனவர்கள் திரும்பி வர ஆறு வாரம் ஆகிவிட்டது. கடையில் 1,140 ரூபாய் நின்றது. பையன் என்னைக் கூப்பிட்டான், போய்க் கட்டினேன். இனி எங்கே வரப்போகிறார்கள் என்று வீட்டில் ஒரு பாட்டு. வந்தார்கள். வந்த அன்றைக்கே 1,000 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தாள், எண்ணித்தான் வாங்கினேன். மிச்சம் 140. பீரோவில் கிடந்த பழைய டிக்கெட் ஒன்றின் பின்னால் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன்.